முறுக்குவிசைக் கல்லெறிபொறிகள்: அளவும் பெயரும்

பண்டைய முற்றுகைப் போர்களில் பயன்பட்ட கல்லெறிபொறிகள் அனைத்தையும் ‘கவண்பொறி’ எனப் பொதுப்படச் சுட்டுவதுண்டு. இது வெவ்வேறு தொழில்நுட்பங்களை ஒன்றாகக் காட்டிவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் உருவாக்கிய முறுக்குவிசைப் பொறியில், விலங்கின் தசைநாராலோ மயிராலோ திரித்த இரு கயிற்றுக்கட்டுகள் நிமிர்த்திப் பொருத்தப்பட்டன. அவற்றுள் செருகிய புயங்களைப் பின்னிழுக்கையில் கட்டுகள் முறுகி ஆற்றலைச் சேமித்தன. பைசாந்தியத்தைச் சேர்ந்த பிலோன் இதற்கு ஒரு விதி தருகிறார்: மினா அளவிலான கல்லின் எடையை 100ஆல் பெருக்கிக் கனமூலம் கண்டு, அதனை 1.1ஆல் பெருக்கினால் கட்டு செல்லும் துளையின் விட்டம் விரலளவில் கிடைக்கும். 10 மினாவுக்கு 11 விரல். 80 மினாவுக்கு 22 விரல். எடை எட்டு மடங்காகும்போது விட்டம் இரு மடங்கே ஆகிறது. பொறியின் ஏனைய உறுப்புகளும் இவ்விட்டத்தைக் கொண்டே அளவிடப்பட்டன.

கி.பி. 4ஆம் நூற்றாண்டினரான அம்மியானுஸ் மார்செல்லினுஸ் விவரிக்கும் ‘ஓனகர்’ ஒற்றைப் புயம் உடையது. எனினும் முறுக்குவிசையாலேயே இயங்கியது. மாறாக, 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெசலோனிக்காவை முற்றுகையிட்ட அவார்களின் பொறிகளை ஆட்கள் கயிறிழுத்து இயக்கினர். சீனத்தில் தோன்றிய நெம்புகோல் முறை அது. பின்னர் இழுப்போரின் இடத்தை எதிரெடை பெற்றது.

எனவே, இடைக்கால ஆவணங்களில் ‘மாங்கொனெல்’ என்னும் பெயரைக் கண்டவுடன் அதனை முறுக்குவிசைப் பொறியெனக் கொள்வது பொருந்தாது. பெயர் நிலைத்திருக்கப் பொருள் மாறியிருக்கலாம். ஆற்றல் எதிலிருந்து பெறப்பட்டது என்பதே வகைப்பாட்டிற்கு அடிப்படை. அவ்வகையில் முறுக்குப்பொறி, இழுவைப்பொறி, எதிரெடைப்பொறி எனத் தமிழில் பிரித்து வழங்குவது ஆய்வுத் தெளிவுக்குத் துணைசெய்யும்.