கோவில் கொடையும் பேட்டரிக் கட்டையும்

நெல்லைச் சீமையில் கோவில் கொடை என்றால் மைக்செட் இல்லாமல் முடியுமா? கால்நாட்டு முடிந்து, பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, முதல் பாட்டு ஒலித்தால்தான் ஊருக்குக் கொடை வந்துவிட்டதாகவே அர்த்தம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

மின்சாரம் பிறந்ததென்னவோ பக்கத்திலேதான். தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் பாபநாசத்தில் அந்த நீரின் வேகத்தை 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் தங்கள் நூற்பாலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்களுக்கு அடுத்து 1944ல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. முதலில் ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் வெளிச்சம் கிடைத்தது. பெரும்பாலான கிராமங்களுக்குக் கம்பி வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஊருக்கு வந்த கம்பியும் கோவில் வரை வந்துவிடவில்லை. சுடலைமாடனும் இசக்கியும் ஊர் நடுவிலா குடியிருக்கிறார்கள்? வயற்காடு, ஆற்றங்கரை, சுடுகாட்டு ஓரம் என்று மின்கம்பம் எட்டாத இடங்களாகப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள்!

வில்லுப்பாட்டுக்கு இது ஒரு குறையே இல்லை. வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எதற்கும் மின்சாரம் வேண்டாம். நள்ளிரவில் கதை உச்சத்துக்குப் போய், சாமி வந்து ஆடும் நேரத்தில் இசை நின்றுவிட்டால் அது சாதாரண இடைஞ்சல் அல்ல, பெரிய அபசகுனம். அந்த வகையில் பழைய கருவிகள் நம்பகமானவை. ஆனால் கூட்டம் பெருகியது, புலவரின் குரல் கடைசி வரிசை வரை கேட்க வேண்டியதாயிற்று, மைக் வந்தது. அதோடு லாரி பேட்டரியும் வந்தது.

வால்வு காலத்து ஆம்ப்ளிஃபயருக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. பேட்டரியின் சில வோல்ட்டை அந்த அளவுக்கு உயர்த்த, படபடவென்று அதிரும் வைப்ரேட்டர் என்ற தனி உறுப்பு வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் பிறந்த டிரான்சிஸ்டர் பிறகு பரவலானபோது இந்தத் தொல்லை ஒழிந்தது. 12 வோல்ட் பேட்டரியை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் நேரடியாக இணைத்தால் போதும். தேர்தல் பிரச்சார ஆட்டோக்களில் இன்றும் இதே ஏற்பாடுதான்.

நாதஸ்வரத்தின் கதை இன்னும் சுவையானது. காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) வாசித்த காலத்தில் சுருதிக்கு ஒத்து ஊதுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. விடாமல் ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்கில் ஊதுவது லேசான வேலையல்ல. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979ல் தொடங்கிய ராடெல் நிறுவனம் மின்னணு சுருதிப் பெட்டிகளையும் தம்புராவையும் பரப்பியது. கச்சேரி மேடையில் அதற்கு பிளக் பாயின்ட் கிடைக்கும். ஆனால் சுவாமி புறப்பாட்டில் மேளக்காரர் தெருத்தெருவாக நடந்துகொண்டே அல்லவா வாசிக்க வேண்டும்? அங்கே தோளில் தொங்கும் பெட்டிக்குப் பேட்டரிதான் துணை. ஒத்து ஊதுபவரின் வேலையைப் பெட்டி எடுத்துக்கொண்டது என்ற வருத்தமும் இதில் உண்டு.

அடுத்து வந்தவை மெல்லிசைக் குழுக்கள். எலெக்ட்ரிக் கிட்டாரோடு காலால் மிதித்து ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடலும் வந்தது. இந்தப் பெட்டி பிறந்ததே பேட்டரியில்தான். 1962ல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டைகளில் ஓடியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965 ஆம் ஆண்டுப் பாட்டான 'சாட்டிஸ்ஃபேக்‌ஷ'னில் கரகரக்கும் கிட்டார் ஒலி அதனுடையது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக 1950களில் வந்த 9 வோல்ட் பேட்டரி, பின்னர் பெடல்களுக்கு நிரந்தரத் துணையானது.

சுவரில் பிளக் இருக்கும்போது பேட்டரி எதற்கு என்று கேட்கலாம். கொடை மேடையைப் பார்த்தால் பதில் தெரியும். சீரியல் லைட், டியூப் லைட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒரே ஒயரில். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுவது. மலிவான அடாப்டர் அதைச் சரியாக வடிகட்டாவிட்டால் 'ங்ங்ங்' என்ற இரைச்சல் பாட்டுக்குள் புகுந்துவிடும். பெடல் அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். பேட்டரி தருவதோ நேர்மின்சாரம், அது எந்த ஒயரோடும் தொடர்பில்லாமல் தனியாக நிற்பது. அடாப்டர் கொண்டுவரும் இரைச்சல் இங்கே இல்லை.

செலவுக் கணக்கும் உண்டு. 9 வோல்ட் கட்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 400 முதல் 500 மில்லியாம்பியர் மணி. பழைய ஃபஸ் பெடல் இழுப்பது ஒரு மில்லியாம்பியர் அளவே, எனவே பல கொடைகளைத் தாண்டும். எதிரொலி தரும் டிஜிட்டல் பெடல் 50 மில்லியாம்பியருக்கு மேலும் இழுக்கும். கணக்குப்படி எட்டு மணி நேரம், நடைமுறையில் அதற்கு முன்பே வோல்ட் இறங்கிவிடும். விடியவிடிய நடக்கும் நிகழ்ச்சிக்கு இது போதுமா? இன்னொரு சூட்சுமம்: பெரும்பாலான பெடல்களில் கிட்டார் ஒயரைச் செருகும் துளைதான் சுவிட்ச். நிகழ்ச்சி முடிந்து ஒயரைப் பிடுங்க மறந்தால், மறுநாள் பேட்டரி காலி!

2008க்குப் பிறகு மின்வெட்டு வந்தது. 2012ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. பாபநாசம் இருக்கும், கூடங்குளம் அணுமின் நிலையம் எழுந்துகொண்டிருந்த அதே நெல்லை மாவட்டத்திலும் ஜெனரேட்டர் இல்லாமல் விழா இல்லை என்றாயிற்று. (கூடங்குளத்தின் முதல் அலகு மின்கட்டமைப்பில் இணைந்தது 2013 அக்டோபரில்.) கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை பேட்டரி பெடல் மட்டும் விளக்கெரிய உயிரோடு இருக்கும், ஆனால் ஆம்ப்ளிஃபயர் செத்துக் கிடக்கும்போது அதனால் என்ன பயன்? ஜெனரேட்டர் தடுமாறும்போதுதான் பயன் தெரியும். வோல்ட் ஒரு கணம் சரிந்தாலும் அடாப்டரில் ஓடும் டிஜிட்டல் பெடல் அணைந்து முதலிலிருந்து தொடங்கும், பேட்டரியில் ஓடுவதற்கு அந்தச் சரிவே தெரியாது.

இப்போது சோனி 1991ல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் வகையிலேயே பெடல்களுக்கான பவர் பேங்க்கும் வந்துவிட்டது. இரவு முழுவதும் தாங்கும் என்றாலும், 5 வோல்ட்டை 9 ஆக உயர்த்தும் சர்க்யூட் மட்டமாக இருந்தால் 'கீச்' என்று வேறொரு சத்தம் கிளம்பும். அதனால்தானோ என்னவோ, சில கிட்டார் கலைஞர்களின் பையில் இன்றும் ஒரு பழைய 9 வோல்ட் கட்டை கிடக்கிறது.