பாராமகால் கதை – 17: மெக்கன்சியும் மூன்று துணைவர்களும்

ஓசூர் கும்பினியார் கைக்கு வந்த 1799-ஆம் ஆண்டுக் கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். திப்பு விழுந்தார், ஓசூர் கைமாறியது. இப்போதைக்கு இவ்வளவு போதும். ஏனென்றால் ஜான் மேதர் குறுக்கே வந்துவிட்டார்.

கலெக்டர் ரீடுக்காகப் பாராமகாலைக் குன்று குன்றாக ஏறி அளந்தவர் மேதர். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் காலின் மெக்கன்சியின் மைசூர் சர்வேயில் போய்ச் சேர்ந்தார். மெக்கன்சி என்றாலே எனக்கு அந்த ஓவியம்தான் நினைவுக்கு வரும்.

வரைந்தவர் தாமஸ் ஹிக்கி, டப்ளின்காரர். 1816-இல் சென்னையில் இதைத் தீட்டியபோது வயது எழுபத்தைந்து. உள்ளதை உள்ளபடி தீட்டும் கை. அந்தக் காலத்துத் துரைமார் படங்களில் நம்மவர்கள் குடை பிடிப்பார்கள், ஹுக்கா ஏந்துவார்கள். இதில் அப்படியில்லை. சிவப்புச் சீருடையில் மெக்கன்சி. அவரைச் சுற்றி மூன்று பேர். தொலைநோக்கியோடு கிஸ்தனாஜி, ஓலைச்சுவடியோடு சமணப் பண்டிதர் தர்மையா, கூடவே காவலி வெங்கட லட்சுமையா. தூரத்தில் கோமதேஸ்வரர் சிலை. பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய மனிதர்களாக மூவரையும் ஹிக்கி நிறுத்தியிருக்கிறார். படம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில்.

ஆனால் அங்கே நின்றிருக்க வேண்டிய நான்காமவர் இல்லை. லட்சுமையாவின் அண்ணன் போரையா. நம் மொழிகள் தெரியாத மெக்கன்சிக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர்; பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் படிக்க வழி கண்டவர். 1803-இல், இருபதுகளிலேயே இறந்துபோனார். இந்திய அறிவுக்குள் தான் நுழைந்த வாசலே அவர்தான் என்று மெக்கன்சி பின்னாளில் நன்றியோடு எழுதினார். வேலைக்காரனைப் பற்றி யாரும் அப்படி எழுதுவதில்லை. அதை நட்பு என்றுதான் நான் சொல்வேன்.

1821-இல் மெக்கன்சி காலமானார். அவருடைய சுவடி திரட்டும் பணியை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் என்று லட்சுமையா கேட்டார். 1836-இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப், அந்தப் பணிக்குத் தலைமை தாங்கும் தகுதி லட்சுமையாவுக்குப் போதாது என்று தட்டிக்கழித்தார். மறு வருஷமே பிராமி எழுத்தை அவிழ்த்துக் காட்டிய அதே பிரின்செப்! அந்த மேதைமைக்கு ஒரு கும்பிடு. இந்த விஷயத்தில் அவர் வில்லன்தான். கால் நூற்றாண்டாக ஊர் ஊராய்ப் போய்ச் சுவடி திரட்டியவருக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருந்தது?

அந்தச் சேகரிப்பில் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. மெக்கன்சி சுவடிகள் என்றே சொல்கிறோம், நானும்தான். காவலி சுவடிகள் என்று சொல்லிப் பழகினால் மெக்கன்சியே கோபித்துக்கொள்ள மாட்டார்.

(தொடரும்)