வாக்குச் சீட்டும் வாலிபரும்

“படிப்பில்லாதவனுக்கு ஓட்டு எதற்கு?” என்று கேட்கும் மேதாவிகள் நம் நாட்டில் இன்றும் உளர். கேள்வி நயமாகத்தான் இருக்கிறது. அந்த நயமான கேள்வியையே சட்டமாக்கி, அந்தச் சட்டத்தையே விலங்காக்கி, ஓர் இனத்தை முக்கால் நூற்றாண்டுக் காலம் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த நிலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலம் அது. விலங்கை உடைக்க முன்வந்தோர் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அவர்தம் கதையை நம் இளைஞர் அறிந்திடல் வேண்டுமென விழைகிறோம்.

நிறத்தின் பெயரால் எவருக்கும் வாக்குரிமை மறுத்தல் ஆகாது என்று 1870இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆம் திருத்தம் கூறிற்று. சட்டம் கூறிற்று, ஆணவம் கேட்குமா? 1890இல் மிசிசிப்பி தனக்கெனப் புதியதோர் அரசியல் சட்டம் வகுத்துக் கொண்டது. அதன் வாக்குரிமை விதிகளில் நிறம் என்ற பேச்சே இல்லை. வாக்களிக்க விரும்புவோர் 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும். அச்சட்டத்தின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லவோ வேண்டும். அவ்வளவே! பிரிவுகளோ 285. எந்தப் பிரிவைக் கொடுப்பது, சொன்ன பொருள் சரியா தவறா எனத் தீர்ப்பளிப்பது, எல்லாம் பதிவு அலுவலராய் அமர்ந்திருந்த வெள்ளையரின் விருப்பம். எழுத்தறியா வெள்ளையர் எளிதில் தேறினர். பட்டம் பெற்ற கருப்பின ஆசிரியர்கள் ‘தேறாமல்’ திரும்பினர். கருப்பர் பள்ளிகளுக்குப் பணம் தர மறுத்த அரசே, பின்னர் அவர்களிடம் படிப்பைச் சோதித்தது! ஓதக்கூடாது என்று தடுத்துவிட்டு, ஓதாதவன் தாழ்ந்தவன் என்று இழித்த மனுநீதியை அறிந்த நமக்கு இந்தச் சூழ்ச்சி புதிதன்று. 1964 வரையில் அம்மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கருப்பின மக்களில் பதிவு பெற்றோர் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை.

1960 பிப்ரவரி 1ஆம் நாள் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், முதலாண்டுக் கல்லூரி மாணவர் நால்வர், வெள்ளையர்க்கே உரிய உணவுமேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். தரப்படவில்லை, அவர்கள் எழவும் இல்லை. அத்தீ ஊர் ஊராய்ப் பரவ, ஏப்ரலில் மாணவர்க்கென ஒரு போராட்டக் குழுவே பிறந்தது. அவர்களைக் கூட்டியவர் எல்லா பேக்கர் என்னும் ஐம்பது கடந்த அம்மையார். மூத்த தலைவர்களுக்கு வால் பிடிக்காமல் தனித்து நில்லுங்கள் என்று இளைஞர்க்குச் சொன்ன மூத்தவர் அவர். அத்தகைய மூத்தவர் அரியர்!

அக்குழுவில் சேர்ந்தார் பாப் மோசஸ், நியூயார்க் பள்ளி ஒன்றின் கணக்காசிரியர். ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு அவர்மீது தனிப்பற்று உண்டு என்பதை மறைப்பானேன்? மிசிசிப்பியின் ஆம்சி மூர் என்ற பெரியவர் அவரிடம் உணவுமேடையைவிட வாக்குரிமையே எங்களுக்கு முதன்மை என்றார். 1961இல், 26 வயதில், மெக்கோம் என்னும் சிற்றூருக்கு வந்தார் மோசஸ். மேடை போட்டு முழங்கவில்லை. வீடு வீடாய்ச் சென்றார். மளிகைக் கடை மாடியில் வகுப்பு நடத்தினார். பாடம், பதிவு விண்ணப்பத்தை நிரப்புவது எப்படி என்பது. அஞ்சிய முகங்கள் பல. இசைந்த முகங்கள் சில. அச்சிலரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றபோது மண்டை உடைபட்டார். ஊரின் பெயர் லிபர்ட்டி, அதாவது விடுதலை! குருதி வழிய அவர் படியேறினார். அடித்தவனை நீதிமன்றம் விடுவித்தது. செப்டம்பர் 25ஆம் நாள், இயக்கத்துக்கு உதவிய ஹெர்பர்ட் லீ என்ற உழவரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்று முடித்தனர். அடுத்த மாதம் மெக்கோமின் உயர்நிலைப்பள்ளி மாணவர் நூற்றுக்கு மேற்பட்டோர் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவில் நடந்தனர். வாக்களிக்கும் வயது 21; அச்சிறுவர் கேட்டது தமக்கான ஓட்டன்று, தந்தைக்கும் தாய்க்கும் உரிய ஓட்டு.

ரூல்வில் என்ற ஊரின் தேவாலயத்துக்கு அவ்விளைஞர் வந்து பேசும்வரை, தமக்கு வாக்குரிமை உண்டென்பதையே அறியாதிருந்தார் பேனி லூ ஹேமர். வயது 44, 18 ஆண்டுகளாய் ஒரே பண்ணையில் உழைத்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினெழுவரோடு பேருந்தேறிப் பதியச் சென்றார். தேர்வில் தேறவில்லை என்றனர். அன்றிரவே பண்ணையார் அவரை வெளியேற்றினார். ஹோம்ஸ் மாவட்டத்தின் மைல்ஸ்டனில் 1963இல் பதியச் சென்ற உழவரோ நிலத்துக்குச் சொந்தக்காரர். வெளியேற்ற ஆண்டை இல்லை. உரிமையைக் கேட்கும் துணிவுக்கும் காலடி மண்ணுக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாய் யார் காட்டவல்லார்?

கருப்பருக்கு ஓட்டில் நாட்டமில்லை என்று சிலர் நகைத்தனர். அதற்கு விடையாக 1963 நவம்பரில் இளைஞர்கள் போட்டித் தேர்தல் ஒன்றையே நடத்தினர். தேவாலயங்களிலும் கடைகளிலும் பெட்டி வைத்தனர். ஏறத்தாழ 80,000 பேர் வாக்களித்தனர்.

1964 கோடையில் வட மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மாணவர், பெரும்பாலும் வெள்ளையர், வந்து சேர்ந்தனர். அவர்களை அழைக்கலாமா என்று இயக்கத்துக்குள்ளேயே கடும் வாதம். வந்தவர் முன்னே நிற்பர், உள்ளூரார் பின்தள்ளப்படுவர் என்ற அச்சம் வீண் அச்சமன்று. ஆயினும் வெள்ளைப் பிள்ளைகள் இடர்ப்பட்டாலன்றி நாடு திரும்பிப் பாராது என்ற கசப்பான கணக்கு வென்றது. கணக்கு பிழைக்கவில்லை, அந்தோ! ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி (21), ஆண்ட்ரூ குட்மன் (20), மைக்கேல் ஷ்வெர்னர் (24) என்னும் மூவரை வெறியர்கள் கொன்று மண் அணைக்குள் புதைத்தனர். சேனி கருப்பர், மற்ற இருவர் வெள்ளையர். நாடே தேடிற்று. தேடும்போது வேறு இரு கருப்பின இளைஞரின் உடல்கள் நீரில் கிடைத்தன. அவர்களுக்காக நாடு அழவில்லை.

அக்கோடையில் 17,000 பேர் பதிய முயன்றனர். ஏற்கப்பட்டோர் 1,600 மட்டுமே. தோல்வியென்று சொல்வார் சொல்லட்டும். நாற்பதுக்கு மேற்பட்ட விடுதலைப் பள்ளிகள் நடந்தன. அவற்றில் கருப்பினச் சிறார் தம் வரலாற்றைக் கற்றனர். மறுக்கப்பட்ட 15,000க்கு மேற்பட்டோர் உலகின் முன் சாட்சியாயினர். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில், 25 வயது ஜான் லூயிஸ் முன்நடந்த ஊர்வலம் தடியால் சிதறடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. மிசிசிப்பியின் படிப்புத் தேர்வு நின்றது. 1967இல் அங்கே பதிவு பெற்ற கருப்பர் நூற்றுக்கு 60 பேரை நெருங்கினர். அச்சட்டத்தின் வலிமைமிக்க பகுதி ஒன்றை 2013இல் உச்சநீதிமன்றமே செயலிழக்கச் செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குட்மனின் வயது 20 என்றோம். 21 நிரம்பாத அவருக்குத் தேர்தலில் ஓட்டில்லை. 18 வயதினர்க்கு அமெரிக்காவில் 1971இலும் இந்தியாவில் 1989இலும் அவ்வுரிமை வந்தது.

ஹோம்ஸ் மாவட்ட வாக்காளர் 1967இல் ராபர்ட் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியரை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 20ஆம் நூற்றாண்டில் அந்த அவைக்குள் நுழைந்த முதல் கருப்பர் அவர். இருவர் அமரும் மேசையில் அவரருகே அமர வெள்ளை உறுப்பினர் எவரும் வரவில்லை. பல ஆண்டுகள் தனித்தே அமர்ந்திருந்தார். பின்னாளில் அந்த அவையின் இரண்டாம் நிலைத் தலைவரானார்.