கன்னிவாடி வழியில் முசாபர்: இஸ்லாமியப் பயணிக்கான ஏற்பாடுகளின் வரலாறு

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிறவர் ரெட்டியார்சத்திரத்தையும் ஒட்டன்சத்திரத்தையும் தாண்டித்தான் போகவேண்டும். நிழல், நீர், சோறு, படுக்க இடம் என்று வழிப்போக்கரின் தேவைகளை இந்த நிலம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. அந்தச் சாலையிலிருந்து சற்று விலகி, பழனிமலை அடிவாரத்தில் இருக்கும் பழைய பாளையப்பட்டு கன்னிவாடி. இவ்வழியே வந்துபோன இராவுத்த முஸ்லிம் வணிகருக்குச் சத்திரத்தின் நிழலோடு வேறு சிலவும் வேண்டியிருந்தன: தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய நீர், தொழத் துப்புரவான இடம், தொழுகையில் முகம் நோக்கவேண்டிய, மேற்கிலிருந்து ஏறக்குறைய 20 பாகை வடக்கே சாயும் கிப்லாவின் திசை, ஹலால் முறையில் அறுத்த இறைச்சி.

முசாபருக்கு, அதாவது பயணிக்கு, மார்க்கம் சலுகையும் தருகிறது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம்; அது கஸ்ர். கடற்கரை மரக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் (சட்டநெறி), பயணத்தில் இரு வேளைத் தொழுகையைச் சேர்த்துத் தொழவும் இடம் தருகிறது. உள்நாட்டு இராவுத்தர்களின் ஹனஃபி மத்ஹப் வழிப்பயணத்தில் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகவே கடற்கரைக் காயல்பட்டினத்துப் பயணியைவிட உள்நாட்டுத் திண்டுக்கல் பயணிக்கு வழியில் தொழுமிடங்கள் அதிகம் தேவைப்பட்டன. தமிழக முஸ்லிம்களின் பயண வரலாற்றை எழுதுவோர் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

14ஆம் நூற்றாண்டில் மாபார் எனப்பட்ட தமிழகக் கிழக்குக் கரையில் இறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவுக்கு உதவியது உறவு. மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை. எளிய வணிகருக்கு அரண்மனை உறவு ஏது? அவருக்குப் பள்ளிவாசலின் ஹவுள் என்னும் நீர்த்தொட்டியும் திண்ணையுமே அடைக்கலம். அத்தகைய வணிகர் வந்துசேர்ந்த ஊர்களில் ஒன்று திண்டுக்கல். 1755இல் ஹைதர் அலி அங்கே ஃபவுஜ்தாராக (படைத்தலைவராக) வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கும் திண்டுக்கல் பேகம்பூர், பின்னர் தோல் பதனிடும் தொழிலாலும் வெளியூர் வணிகரை ஈர்த்தது.

ஆனால் பள்ளிவாசல் திண்ணை ஆண்களுக்கானது. குடும்பத்தோடு வந்தவருக்கு இடம் கொடுத்தது தர்கா. நாகூரில் சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கிய இடத்தில் பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நாட்கணக்கில் தங்கினர், இந்துக்களும் தங்கினர். அங்குள்ள 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இந்த வழக்கம் கப்பலேறியும் போயிற்று. சிங்கப்பூரில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் ஜாமிஆ பள்ளியை நிறுவினர். 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் கடலோரத்தில் நாகூர் தர்காவின் நினைவிடத்தை எழுப்பினர். கரையிறங்கிய தமிழ் முஸ்லிமுக்குத் தொழவும் நன்றி சொல்லவும் ஊர்க்காரரைத் தேடவும் இடம் கிடைத்தது.

ஆங்கில ஆட்சி முஸ்லிம் பயணியரின் தேவையை நிர்வாகச் சிக்கலாகப் பார்த்தது. ஹஜ் கப்பல்களின் நெரிசலும் காலராவும் அச்சுறுத்த, 1886இல் பயண ஏற்பாட்டைத் தாமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பயணச்சீட்டும் கப்பலும் அதன் அக்கறை. தொழுமிடமும் சமையலும் சமூகத்தின் பொறுப்பாகவே நின்றன. பம்பாய்த் துறைமுகத்தில் முசாபர்கானாக்களை (பயணியர் விடுதிகளை) நடத்தியவர்கள் முஸ்லிம் வணிகக் கொடையாளர்கள்.

மீண்டும் பழனிமலைக்கு வந்தால், அதன் மேலுள்ள கொடைக்கானலின் கதை வேறு. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி அங்கே வீடு கட்டினர். பங்களாவும் தேவாலயமும் பள்ளியுமாக, வந்தவர்களின் தேவைக்கேற்ப அந்த மலையூர் வளர்ந்தது. இன்று விடுமுறைக்கு மலையேறும் முஸ்லிம் குடும்பத்துக்கு ஹலால் உணவு எளிதில் கிடைக்கிறது. திண்டுக்கல் பிரியாணியின் புகழே அதற்குத் துணை. கிப்லாவைக் கைபேசி காட்டுகிறது. பெண்ணுக்கு ஒளுச் செய்ய மறைவான குழாயும், தொழ ஒரு தடுப்பறையும் கிடைப்பதுதான் இன்றும் அரிது. உள்நாட்டுப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்குத் தனியிடம் இல்லாததால் மாலைத் தொழுகைகளான அசரும் மக்ரிபும் அவளுக்குக் காருக்குள்ளோ, விடுதி அறைக்குத் திரும்பிய பின் களாவாக (நேரம் தவறிய தொழுகையாக)வோ கழிகின்றன. 45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் (நெருங்கிய ஆண் உறவினர்) துணையின்றிக் குழுவாக ஹஜ் செல்ல இந்திய அரசு 2018இல் வழிவிட்டது. மக்காவரை ஆண் துணையின்றிப் போகத் தகுதி பெற்றவளுக்கு வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் வழியில் ஒரு தொழுகை அறை வேண்டும். அதைக் கட்டித்தரும் கடமை சாலையோர உணவகங்களுக்கு இருப்பதைவிடப் பள்ளிவாசல் ஜமாஅத்துகளுக்கே அதிகம்.