கோலார்ப் பனிக்காலமும் சில வீட்டுச் சொற்களும்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பணி தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை நிலத்தடியையே நோக்கினர். சுற்றியுள்ள கேழ்வரகு நிலங்களின் குடும்ப வாழ்வு அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. அதனை அறிய வீட்டுச் சொற்கள் துணைசெய்யும்.

ஆடியையொட்டி விதைத்த கேழ்வரகு கார்த்திகை, மார்கழியில் அறுவடையாகும். ஊடுபயிரான அவரை அப்பனியில் காய்க்கும். பனி மிகுந்தால் காயின் மணமும் மிகும் என்பது உழவர் துணிபு. அம்மணத்தைக் கன்னடத்தார் 'சொகடு' என்பர்.

காயை உரித்து, விதைகளை இரவில் ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக விரலிடை அழுத்தித் தோல் நீக்க வேண்டும். ஒருவர் செய்து முடிக்கும் வேலையன்று. சிறுவரும் முதியோரும் கூடி அமர்வர். இதனை வடார்க்காட்டார் 'பிதுக்குப் பருப்பு' என்பர். கன்னடத்தில் 'ஹிதுகித பேளெ'. 'பால்' அங்கு 'ஹாலு' என நிற்பதுபோலவே 'பிதுக்கு' என்பதன் பகரமும் ஹகரமாயிற்று. தமிழ்க் 'களம்', கன்னடக் 'கண' என்பனவும் இனச்சொற்களே. 'களி', 'முத்தெ' என்பன அவ்வாறல்ல: உணவு ஒன்றே; முன்னது குழைவையும் பின்னது உருண்டை வடிவையும் சுட்டும்.

மொழிபெயர்ப்பாளர் பிதுக்குப் பருப்பை 'அவரைப் பருப்பு' என்றால் பொருள் பெரிதும் பிழையாகாது. வீட்டார் கூடிச் செய்த உழைப்பு மட்டும் மறையும். மொழியியலார் தவறினால் இழப்பு பெரிது. சுரங்கத்துக்கு வந்த தமிழருள் பலர் வடார்க்காடு, சேலம் பகுதிகளின் நிலமற்ற உழவுத் தொழிலாளர், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்தம் குடியிருப்புகளில் வழங்கும் இத்தகைய சொல்லைக் கன்னடத் தாக்கம் எனக் குறித்தல், அவர்கள் ஊரிலிருந்து கொணர்ந்த சொல்லையே கடனாக எழுதுவதாகும்.