பழைய ஊசிக்குப் புது ஊசி

ஆம்ஸ்டர்டாம் நகரின் நடுவே ஒரு மருந்துக்கடை இருந்தது. ஹெராயின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் புது சிரிஞ்சுக்கு அந்தக் கடையைத்தான் நம்பியிருந்தார்கள். 1984இல் கடைக்காரர், இனி இவர்களுக்கு விற்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அதைக் கேட்டுப் பதறியது ஒரு சங்கம். பெயர் ஜங்கிபொண்ட். தமிழில் சொன்னால் 'போதைக்காரர் சங்கம்'. ஊரார் வசவாக வீசிய சொல்லையே எடுத்துத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டவர்கள். ஹெராயினுக்கு ஆட்பட்டிருந்த நிக்கோ ஆத்ரியான்ஸ் என்பவர் 1980களின் தொடக்கத்தில் ரோட்டர்டாமில் ஆரம்பித்து வைத்தார். பிற நகரங்களிலும் அது கிளைவிட்டது. வீடு கேட்டார்கள், சிகிச்சை கேட்டார்கள், மனிதர்களாக நடத்தச் சொன்னார்கள். ஆம்ஸ்டர்டாம் கடை விற்பனையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊசி போடுவது நிற்காது. ஒரே ஊசி பத்துக் கை மாறும். கூடவே மஞ்சள் காமாலையும் மாறும்.

நேராக நகரத்தின் சுகாதாரத் துறையிடம் போனார்கள். புது ஊசிகளை மொத்தமாகக் கொடுங்கள், எங்கள் ஆட்களிடம் நாங்கள் சேர்க்கிறோம், பழையதை வாங்கித் திருப்பித் தருகிறோம், நீங்கள் அழித்துவிடுங்கள் என்றார்கள். சுகாதாரத் துறை சம்மதித்தது. வாரம் ஒருமுறை பெட்டிகள் வந்தன. பழைய ஊசியை நீட்டினால் புது ஊசி. உலகின் பல நாடுகளில் இன்று நடக்கும் ஊசி மாற்றுத் திட்டம் இப்படித்தான் பிறந்தது.

இது எய்ட்ஸ் பெற்றெடுத்த திட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதைப் பெற்றது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய். எச்.ஐ.வி.யைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை 1985இல்தான் புழக்கத்துக்கு வந்தது. சங்கத்தார் பெட்டிகளை வாங்கிக்கொண்டிருந்தபோது, அவர்களில் பலரின் உடம்பில் எச்.ஐ.வி. ஏற்கெனவே புகுந்துவிட்டது, அது யாருக்கும் தெரியாது. பின்னால் பரிசோதித்தபோது அந்நகரில் ஊசி போடுபவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது இருந்தது. ஒரு நோயைத் தடுக்க ஏற்றிய விளக்கில் அதைவிடப் பெரிய இன்னொரு நோயின் முகம் தெரிந்தது.

ஊசி எப்படி நோயைக் கடத்துகிறது? ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கண்ணாடி சிரிஞ்சு நினைவிருக்கும். கம்பவுண்டர் அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்க வைப்பார். அந்தக் கொதிநீர்தான் முன்னவரின் ரத்தத்துக்கும் நமக்கும் இடையில் நின்ற சுவர். பிறகு பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்தது. ஒரு தடவை போட்டுவிட்டு எறிய வேண்டும் என்பதே அதன் விதி. போதை ஊசி போடுபவர், நரம்பு கிடைத்துவிட்டதா என்று பார்க்கத் தண்டைச் சற்றே பின்னால் இழுப்பார். ரத்தம் உள்ளே வரும். முழுவதையும் அழுத்திச் செலுத்திய பிறகும் சிரிஞ்சின் கழுத்தில் ஒரு துளி தங்கிவிடும். அடுத்தவர் அந்தத் துளியையும் சேர்த்தே ஏற்றிக்கொள்கிறார். ஹெபடைடிஸ் சி கிருமி சிரிஞ்சுக்குள் இரண்டு மாதம் வரைகூட உயிரோடு இருப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஊசியை மட்டும் மாற்றினால் போதாது. மருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, கலக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் ஒருவரின் ரத்தம் இன்னொருவருக்குப் போக வழியிருக்கிறது.

இனி எடின்பரோ. இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்கிய ஊர் அதுதான். 1853இல் அலெக்சாண்டர் வுட் என்ற மருத்துவர், தோலுக்கடியில் ஊசி வழியாக மார்ஃபின் செலுத்தி வலி தணிக்கும் முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அதே ஊரில்தான். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, ஊசி கிடைக்காததால் ஒரு தலைமுறை அங்கே நோயில் விழுந்தது.

1980களின் தொடக்கத்தில் விலை மலிந்த ஹெராயின் ஸ்காட்லாந்துக்குள் வந்து கொட்டியது. வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த மியூர்ஹவுஸ், பில்டன் போன்ற அரசுக் குடியிருப்புகளில் அது வேரூன்றியது. 'டிரெயின்ஸ்பாட்டிங்' படம் பார்த்தவர்களுக்கு அந்த எடின்பரோவைத் தெரியும். போலீஸ் கெடுபிடி காட்டியது. பிரெட் தெருவில் சிரிஞ்சு விற்றுவந்த மருத்துவக் கருவிக் கடை, அந்த நெருக்கடியில் விற்பனையை நிறுத்தியது. மருந்துக்கடைகளும் கை விரித்தன. பையில் சிரிஞ்சு இருந்தால் போலீஸ் பறித்துக்கொண்டது, அதுவே குற்றத்துக்குச் சாட்சியும் ஆனது. ஆகவே யாரும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவரின் வீட்டில் கூடுவார்கள். இருக்கிற ஒரே சிரிஞ்சு வரிசையாகச் சுற்றிவரும்.

மியூர்ஹவுஸில் ராய் ராபர்ட்சன் என்ற பொது மருத்துவர் இருந்தார். தன்னிடம் வந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி பரவுவதைக் கவனித்து, அவர்களின் ரத்த மாதிரிகளைச் சேமித்து வைத்திருந்தார். எச்.ஐ.வி. பரிசோதனை வந்ததும் அந்தப் பழைய மாதிரிகளைச் சோதித்தார்கள். ஹெராயின் பயன்படுத்திய 164 பேரில் 51 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 1986இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானபோது நாடே அதிர்ந்தது. 1983, 1984 என்ற இரண்டே ஆண்டுகளில் நடந்து முடிந்திருந்தது அந்தப் பரவல். அதே காலத்தில், அதே நாட்டில், ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த கிளாஸ்கோவில் ஹெராயினுக்குக் குறைவில்லை, எச்.ஐ.வி. மட்டும் மிகக் குறைவாக இருந்தது. எடின்பரோவில் சிரிஞ்சுக்கு இருந்த அத்தனை தட்டுப்பாடு அங்கே இல்லை. வேறுபாட்டுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதை ஒதுக்கிவிட்டு அந்த இரண்டு ஊர்களை யாராலும் விளக்க முடியாது.

போலீஸ்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல இது. ஊசியை எடுத்துவிட்டால் பழக்கம் ஓய்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு எத்தனை பிள்ளைகள் பலியானார்கள் என்று எண்ணும்போது மனம் ஆறவில்லை.

அதே 1986இல், எடின்பரோ ரத்த வங்கியின் இயக்குநர் பிரையன் மெக்லெலண்ட் தலைமையில் அமைந்த குழு, சுத்தமான ஊசி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. லிவர்பூலில் ஆலன் பேரி, ரஸ்ஸல் நியூகோம்ப் போன்றவர்கள் அரசு ஆணைக்குக் காத்திருக்காமல் மேரிலாண்ட் தெருவில் ஒரு சிறு இடத்தில் ஊசி மாற்றத் தொடங்கினார்கள். லிவர்பூலில் ஊசி போடுபவர்களிடையே எச்.ஐ.வி. பெரிதாகத் தலையெடுக்கவில்லை. 1987இல் அரசே பல ஊர்களில் சோதனை முறையில் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசின் ஆலோசனைக் குழு, போதைப் பழக்கத்தைவிட எச்.ஐ.வி. பரவுவதே பெரிய ஆபத்து என்று எழுத்தில் சொன்னது. மார்கரெட் தாட்சர் ஆட்சியில் இது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிட்னியில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையின் அலெக்ஸ் வோடாக் அரசிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 1986 நவம்பரில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சட்டத்தை மீறியே தொடங்கினார்கள். திரும்பி வந்த பழைய ஊசிகளில் ஒட்டியிருந்த ரத்தத்தைச் சோதித்து, எச்.ஐ.வி. ஊருக்குள் வந்துவிட்டது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்த மாநிலம் அதைச் சட்டப்படி ஆக்கியது. பின்னாளில் ஆஸ்திரேலியா கணக்குப் போட்டுப் பார்த்தது. 2000 முதல் 2009 வரை இத்திட்டம் சுமார் 32,000 எச்.ஐ.வி. தொற்றுகளையும் சுமார் 97,000 ஹெபடைடிஸ் சி தொற்றுகளையும் தடுத்தது என்று மதிப்பிட்டார்கள். செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் நான்கு டாலர் மிச்சம்.

அமெரிக்காவில் 1988 ஆகஸ்டில், டகோமா நகரத்தின் நடைபாதையில் டேவ் பர்ச்சேஸ் என்பவர் ஒரு மடக்கு நாற்காலியும் சிறு மேசையும் போட்டு உட்கார்ந்தார். மேசையில் புது ஊசிகள். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம், மத்திய அரசுப் பணத்தை ஊசி மாற்றத்துக்குச் செலவிடக் கூடாது என்று தடை போட்டது. 1998இல் சுகாதார அமைச்சர் டோனா ஷலேலா, இது எச்.ஐ.வி.யைக் குறைக்கிறது, போதைப் பழக்கத்தைத் தூண்டவில்லை என்று ஆய்வுகள் காட்டுவதாக அரசு சார்பில் அறிவித்தார். அறிவித்த பிறகும் தடை நீங்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு பணத்தைப் பூட்டி வைத்த அந்தச் செயலை எந்த வகையில் நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. 2015இல் இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் மாவட்டத்தில், நாலாயிரம் பேர் வாழும் ஆஸ்டின் என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியவர்களிடையே ஏறத்தாழ 200 எச்.ஐ.வி. தொற்றுகள் பரவின. மாநிலத்தில் அதுவரை ஊசி மாற்றத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை அறிவித்துத்தான் ஊசி கொடுக்க முடிந்தது.

திட்டத்துக்குள்ளும் ஒரு கோளாறு இருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு தெருவைச் சுத்தமாக வைக்க உதவியது. அதைக் கறாராகப் பிடித்துக்கொண்ட இடத்தில் அதுவே தடையானது. கனடாவின் வான்கூவரில் ஊசி மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே 1997 வாக்கில் எச்.ஐ.வி. வெடித்துப் பரவியது. அங்கே பலர் ஏற்றியது கோகெய்ன். ஹெராயினை நாளுக்குச் சில தடவை ஏற்றினால், கோகெய்னை இருபது தடவைகூட ஏற்றுவார்கள். கையில் இரண்டு பழைய ஊசியோடு வந்தவருக்கு இரண்டு புது ஊசி கொடுத்தால் மீதித் தடவைகளுக்கு என்ன செய்வார்? ஒருவருக்கு ஆண்டுக்கு 300 ஊசி என்பது உலக சுகாதார நிறுவனம் இன்று வைத்திருக்கும் இலக்கு. திட்டம் பிறந்த ஊரான ஆம்ஸ்டர்டாமின் நீண்டகால ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது: ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்து போதுமான அளவும், எல்லா ஊசியும் புது ஊசி என்ற நிலையும் சேர்ந்திருந்தவர்களிடம்தான் தொற்று தெளிவாகக் குறைந்தது.

இந்தியாவுக்கு இந்தத் திட்டம் வந்த வழி மணிப்பூர். பர்மா எல்லையில் மோரே என்ற ஊர். பர்மாவிலிருந்து திரும்பிய நம் தமிழர்கள் குடியேறிக் கோயில் கட்டி வாழ்கிற ஊர். அந்தச் சாலை வழியாகத்தான் 'நம்பர் ஃபோர்' என்று அங்கே சொல்லும் ஹெராயின் உள்ளே வந்தது. 1989 வரை மணிப்பூரில் ஊசி போடுபவர்களைச் சோதித்ததில் எச்.ஐ.வி. தென்படவில்லை. 1990இல் சில மாதங்களுக்குள் பாதிப்பேருக்கு அது இருந்தது. எடின்பரோ மலைநாட்டில் மறுபடி நடந்தது. 1990களின் நடுவில் சூராசாந்த்பூரில் ஷாலோம் அமைப்பு ஊசி மாற்றத்தைத் தொடங்கியது. 1996இல் மணிப்பூர் அரசு தன் எய்ட்ஸ் கொள்கையில் இந்த அணுகுமுறையை ஏற்றது. பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு முழுவதும் தன் திட்டங்களில் சேர்த்துக்கொண்டது. 2017இல் நிறைவேறிய எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைத் தடுக்கும் இத்தகைய வழிகள் குற்றமாகாது என்கிறது. ஊசி போடுபவருக்குச் சுத்தமான சிரிஞ்சு கொடுப்பதை அந்தச் சட்டமே உதாரணமாக எழுதி வைத்திருக்கிறது.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்கள் பற்றிய செய்தி இன்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலும் வருகிறது. மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போதை மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். அது சட்டம், அது சரி. ஆனால் ஒல்லியாக, முழங்கை மடிப்பை மறைத்தபடி ஒரு பிள்ளை வந்து ஒரு சிரிஞ்சு கேட்டால், பிரெட் தெருக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விரட்டாதீர்கள். 1097 என்று ஒரு எண் இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் உதவி எண், கட்டணம் கிடையாது. சிரிஞ்சு சுற்றிய தாளில் அதை எழுதிக் கொடுங்கள்.