முட்டை வறையில் ஒரு முட்டை குறைவு



போன கிழமை வகுப்பில் போர்த்துக்கேயர் பாடம். 1505இல் இலங்கைக்கு வந்தது, 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியது என்று சொல்லிக்கொண்டு போனேன். மிளகாயும் அவர்களோடுதான் இந்தப் பக்கம் வந்தது என்றதும் பின்வாங்கில் இருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப சேர், அதுக்கு முதல் முட்டை வறைக்கு என்ன போட்டாங்க?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி.

மிளகுதான் போட்டிருப்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கொடகாமா கோழிக்கோட்டில் இறங்கும் வரை நம் ஆட்கள் யாரும் அதைக் கண்டதில்லை. நாம் 'கொச்சிக்காய்' என்கிறோமே, அந்தப் பெயருக்குள் கொச்சித் துறைமுகம் இருக்கிறது என்பார்கள். அதற்கும் 500 வருடங்களுக்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் 'உஜ்ஜா' என்ற முட்டை அடை வகைகள் வருகின்றன. அந்தக் காலத்து அரபுச் சமையலுக்கான மிளகு மலபாரில் இருந்து கப்பலேறிப் போனது. முட்டையை உடைத்துச் சட்டியில் கிளறுவது எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை. அதோடு என்ன சேர்கிறது என்பதில்தான் ஊர் தெரியும்.

நம்முடையது வறை. சுறாவையும் திருக்கையையும் அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டுச் செய்கிற அதே வறை. உப்புக்குளத்தில் முட்டை மீனுக்குப் பதிலாள்தான். கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாளில் உம்மம்மா கோழிக்கூட்டுக்குள் கையை விடுவா. மீன் வறைக்குத் தெரிந்த கை முட்டைக்கும் அதையே செய்தது. வீட்டுக் கோழி இருந்தபடியால் ஒரு சட்டிக்கு நாலு ஐந்து முட்டை, தேங்காய்ப்பூ ஒரு சின்னப் பிடி. இது உம்மா சொன்னது. எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. நான் சாப்பிட்டு வளர்ந்த வறை வேறு.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களில் இருந்தும் 70,000க்கு மேற்பட்டோர். மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனது. எனக்கு அப்போது 2 வயது. உம்மம்மா கடைசியாகச் செய்த வேலை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதுதானாம். "பூட்டினா செத்துப் போயிரும்."

புத்தளத்து ஓலைக் கொட்டிலில் நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி கிடைத்தது. முட்டை கிடைக்கவில்லை, கடையில் காசுக்குத்தான் வாங்க வேண்டும். ஆனால் புத்தளம் தென்னைப் பூமி. கற்பிட்டிப் பக்கம் வெங்காயமும் மிளகாயும் விளைகிற மணல் தோட்டங்கள். நம் பெண்கள் அங்கே நாள் கூலிக்குப் போனார்கள், அதுவரை கூலிக்கே போகாதவர்கள். அந்தியில் திரும்பும்போது முந்தானையில் கொஞ்சம் சின்ன வெங்காயம் இருக்கும். ஆக வறையில் தேங்காயும் வெங்காயமும் பெருகின, முட்டை ஒன்றாகச் சுருங்கியது. ஒரு முட்டை, எட்டுப் பேர். மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். எது முட்டை, எது தேங்காய் என்று நாங்கள் தட்டில் தேடியதுண்டு.

இந்தக் காலத்தை எழுதுகிறவர்கள் முகாம் எண்ணிக்கையை எழுதுகிறார்கள், அதுவும் வேண்டும்தான். சட்டிக்குள் மாறிய அளவை யார் எழுதியிருக்கிறார்கள்?

உம்மாவின் கைப்பக்குவத்தையும் சொல்லிவிடுகிறேன். முட்டையை உப்போடு அடித்து முதலிலேயே வைத்துவிட வேண்டும், பத்து நிமிடமாவது. நம் ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். தாச்சியில் வெங்காயம், கொச்சிக்காய், கறிவேப்பிலை வதங்கட்டும். தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு இரண்டு புரட்டு. பிறகு நெருப்பைக் குறைத்துவிட்டுத்தான் முட்டையை ஊற்ற வேண்டும். முட்டை 60 பாகைக்கு மேலேயே இறுகத் தொடங்கிவிடும், 80ஐத் தாண்டினால் தண்ணீரைக் கக்கி ரப்பராகும். கொஞ்சம் ஈரம் தெரியும்போதே இறக்குங்கள், தாச்சிச் சூட்டில் மிச்சம் வேகும். தவறிக் கூட வெந்தாலும் கக்கிய தண்ணீரைத் தேங்காய்ப்பூ குடித்துக்கொள்ளும். வெள்ளைக்காரனின் பட்டர் முட்டைக்கு இந்தக் காப்பு இல்லை.

நாங்கள் ஊர் திரும்பிப் பல வருடமாகிறது. 2023 மார்ச்சில் முட்டைத் தட்டுப்பாட்டுக்கு இந்திய முட்டை கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியபோது, தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி 30 கிலோமீற்றர்தானே என்று நான் பகிடி விட்டேன். உம்மா சிரிக்கவில்லை. முட்டை விலை ஏறினால் அவவுக்குப் பழைய முகம் வந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை நானே நாலு முட்டை உடைத்து, தேங்காய்ப்பூ குறைத்து, உம்மம்மாவின் பழைய கணக்கில் ஒரு வறை செய்தேன். நன்றாகத்தான் வந்தது. உம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னா: "இதுல முட்டைதான் மகன் கிடக்கு."

பிறகு எழும்பிப் போய்த் துருவுபலகையை எடுத்தா.